கிராபிக்ஸா? கேம்ப்ளேயா? வீடியோ கேமில் எது முக்கியம்... வடசென்னை கேரம் சொல்லும் பதில்!

புது கேம் டிரெய்லர் வந்தாலே, "கிராபிக்ஸ் செம" என்பதுதான் முதல் கமெண்ட். அதை நம்பி இஎம்ஐ-யில் விலை உயர்ந்த போன் வாங்குபவர்களும் உண்டு. ஆனால், ஒரு கேமை நம்மைத் திரும்பத் திரும்ப விளையாட வைப்பது கிராபிக்ஸ்தானா?

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கிராபிக்ஸ் என்பது கண்ணுக்குத் தெரிவது. கேம்ப்ளே என்பது கைக்குத் தெரிவது. அதாவது விதிகள், கன்ட்ரோல், சவால், தோற்றாலும் "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" எனத் தோன்றும் அந்த உணர்வு.

இதைப் புரிந்துகொள்ள ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் ஆடும் கேரமைப் பார்த்தாலே போதும். ஒரு பலகை, 9 கருப்பு, 9 வெள்ளை, ஒரு சிவப்பு காயின், ஒரு ஸ்டிரைக்கர். அவ்வளவுதான். விதி ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். ஆங்கிள் கைவர வருஷக்கணக்கில் ஆகும். புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றார். இதே கேரம் போனில் 'கேரம் பூல்' ஆனபோதும், மேலிருந்து பார்க்கும் எளிய படம்தான். ஆனாலும் ஆட்டம் விறுவிறுப்பு!

வீடியோ கேம்களில் உதாரணம் உண்டா?

1984-ல் உருவான டெட்ரிஸில் விழுவது வெறும் கட்டங்கள்தான். 40 ஆண்டுகள் கடந்தும் விளையாடுகிறார்கள். எல்லாமே சதுரமாக இருக்கும் மைன்கிராஃப்ட், 30 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையை, இட்லி, பிரியாணி சமைக்கும் புதிர்கள் வழியே சொன்ன 'வெண்பா' 2023-ல் வெளியானது. எளிய ஓவியங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் ஆட்டம். 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது அதற்குத்தான்.

அப்போ கிராபிக்ஸ் வேஸ்ட்டா?

இல்லை. எதிரி எங்கே, பாதை எங்கே என்று தெளிவாகக் காட்டினால் அது ஆட்டத்துக்கே பலம். ஆனால் ஆட்டமே தடுமாறினால் அழகு காப்பாற்றாது. 2020 டிசம்பரில் பிரமாண்டமாக வந்த சைபர்பங்க் 2077, பழைய கன்சோல்களில் திணறியது. சில நாட்களிலேயே சோனி தனது ஆன்லைன் ஸ்டோரிலிருந்து அதை நீக்கியது.

பட்ஜெட் போனில் என்ன நடக்கிறது?

நொடிக்கு 60 பிரேம் ஓடினால், சுமார் 17 மில்லி செகண்டுக்கு ஒருமுறை படம் மாறும். 30 பிரேம் என்றால் 33 மில்லி செகண்ட். கிராபிக்ஸை ஏற்றினால் போன் சூடாகும். சூட்டைக் குறைக்க பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் சுடும் நேரத்தில் ஆட்டம் திக்குவது இதனால்தான். பிஜிஎம்ஐ-யில் போட்டிக்கு ஆடும் பலர் கிராபிக்ஸை 'ஸ்மூத்'துக்குக் குறைத்து, பிரேம் ரேட்டை மட்டும் ஏற்றி வைப்பது அதனால்தான்.

என்ன செய்யலாம்?

* டிரெய்லரை மட்டும் நம்பாமல், உங்கள் போன் மாடலில் ஒருவர் விளையாடும் வீடியோவைப் பாருங்கள்.
* செட்டிங்ஸில் நிழல், தெளிவு அளவைக் குறைத்து, பிரேம் ரேட்டை ஏற்றுங்கள்.
* அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். திக்காமல் ஓடி, மறுபடி ஆடத் தோன்றினால் அதுதான் உங்களுக்கான கேம்.

புது போனுக்கு இஎம்ஐ போடுவதற்கு முன், இந்த மூன்றையும் ஒருமுறை செய்து பாருங்கள். பல நேரம் பழைய போனே போதும்.