ஈழத்துக் காப்பிரியர்

நாட்டு வரலாறு பெரும்பாலும் அரசர், தேசாதிபதிகள் ஆகியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவர்தம் படைக்கும் பண்டசாலைக்கும் உழைத்த சிறுகுழுவினர் அவ்வேடுகளில் ஓரிரு வரிகளில் மறைந்துவிடுகின்றனர். ஈழத்திற் குடிகொண்ட ஆபிரிக்க வழியினர் அத்தகையோர். ஒருவர் ஒரு நாட்டுக்கு உரியவராதல் எவ்வாறு என்னும் வினாவுக்கு அவர் வரலாறு நல்லதோர் உரைகல்லாகும்.

முதற்கண் பெயரை நோக்குவோம். 'காபிர்' என்னும் அரபுச் சொல் இறைநம்பிக்கையற்றவன் எனப் பொருள்படும். கிழக்காபிரிக்கக் கரையில் இஸ்லாத்தைத் தழுவாதோரை அராபிய வணிகர் அவ்வாறு அழைத்தனர். போர்த்துக்கேயர் வாயிலாக அச்சொல் இங்கு வந்து 'காப்பிரி' என வழங்கலாயிற்று. நெடுங்காலமாகக் கத்தோலிக்க சமயம் பேணிவந்த மக்களுக்கு நம்பிக்கையற்றோர் என்னும் பெயர் நிலைத்தமை வியப்பிற்குரியது. தென்னாபிரிக்காவில் அச்சொல் கொடிய வசைமொழி. ஈழத்திலோ அம்மக்களே தம்மை அப்பெயராற் சுட்டிவந்துள்ளனர்.

இனி, அவர் வந்த வழியைக் காண்போம். போர்த்துக்கேயர் அவர்களை அடிமைகளாகவும் போர்வீரராகவும் கொணர்ந்தனர். ஒல்லாந்தர் காலத்திற் கும்பனியின் அடிமைகள் கொழும்பில் இருத்தப்பட்ட இடமே இன்றைய கொம்பனித்தெரு. ஆங்கிலத்தில் அது 'அடிமைத் தீவு' எனப் பொருள்படும் பெயரால் நெடுங்காலம் வழங்கியது. ஆங்கிலேயத் தேசாதிபதி நோர்த் (1798-1805) ஆபிரிக்கரைப் படைக்காக விலைக்குப் பெற்றார். அதே காலத்திற் கண்டி மன்னன் படையிலும் ஆபிரிக்கர் இருந்தனர். தமக்குரியதல்லாத போரில் இருபுறமும் நின்று பொருதமை அவர்தம் நிலையைத் தெளிவாக்கும். ஈழத்தில் அடிமைமுறை 1844இற் சட்டத்தால் ஒழிந்தது. பின்னர் இலங்கைத் துப்பாக்கிப் படையும் கலைக்கப்பட்டது. படைவீரர் வழிவந்த குடும்பங்கள் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் இன்றும் வாழ்கின்றன. அவர்தம் அன்றாட மொழி சிங்களமாகிவிட்டது. போர்த்துக்கேயக் கிறியோல் மொழியோ 'மஞ்ஞா' என்னும் பாடல்களில் மட்டும் எஞ்சியுள்ளது.

மட்டக்களப்பு வாவிக்கரையினராகிய நமக்கு இவ்வரலாறு தொலைவானதன்று. 1628இற் போர்த்துக்கேயர் இங்குக் கோட்டை அமைத்தனர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கோட்டை கைமாறிய பின்னரும் கிறியோல் மொழி அழியவில்லை. தச்சு, கொல்லு முதலிய தொழில்களிற் சிறந்த பறங்கியர் அதனைத் தம் இல்லங்களிற் பேணினர். அவர்தம் திருமண வீடுகளில் ஆடப்படும் 'காபிரிஞ்ஞா' என்னும் ஆடலின் பெயர், காப்பிரி என்னும் சொல்லினின்று பிறந்ததாகும். நாடெங்கும் விழாக்களில் ஒலிக்கும் பைலாவும் இம்மரபோடு உறவுடையது. இன்று இத்தீவினர் அனைவரும் பைலாவைத் தமதெனக் கொண்டாடுகின்றனர். ஆனால் அவருட் பலர் அம்மக்களை அறியார். 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பில் அவர்களுக்குத் தனிப்பெயர் இல்லை. 'ஏனையோர்' என்னும் பிரிவினுள் அவர்கள் அடங்கினர்.

இந்நிலை ஈழத்திற்கு மட்டும் உரியதன்று. 1948இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' என்னும் கப்பலில் மேற்கிந்தியத் தீவினர் பலர் இங்கிலாந்து சென்றனர். பிரித்தானியக் குடிகளாகவே சென்ற அத்தலைமுறையினர் பேருந்திலும் மருத்துவமனையிலும் அந்நாட்டுக்கு உழைத்தனர். எனினும், தக்க பத்திரம் காட்ட இயலாமையால் அவருட் சிலர் வேலையிழந்தனர், சிலர் நாடுகடத்தப்பட்டனர். இக்கொடுமை 2018இல் வெளிப்பட்டபோது அவ்வரசு மன்னிப்புக் கேட்டது. அங்கு வெள்ளையர் பெரும்பான்மையினர், இங்கு அவ்வாறன்று. ஆயினும், உழைப்பையும் இசையையும் ஏற்றுக்கொண்டு அவற்றைத் தந்தவரை அயலாராக எண்ணும் பிழை இரு நாட்டுக்கும் பொதுவாகும்.

பிறர் நம்மை எண்ணாது விடும்போது எழும் துயரைத் தமிழராகிய நாம் நன்கறிவோம். அவ்வறிவு நம்மினும் சிறுகுழுவினரை நோக்கும் கண்ணையும் நமக்குத் தருதல் வேண்டும். கிறியோல் பேசும் முதியோர் இன்றும் நம்மூரில் உளர். அவர்தம் பாடல்களையும் குடும்ப வரலாறுகளையும் கேட்டு எழுதிவைத்தல் நம் மாணவர் இப்பொழுதே மேற்கொள்ளத்தக்க நற்பணியாகும்.