பூட்டும் சாவியும் ஆன ஓர் எண்

1977-இல் தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப் படிகளின் அழகின்மை கண்டு நொந்த டொனால்ட் க்னூத், டெக் என்னும் அச்சுக்கோப்பு மொழியைப் படைக்க முனைந்தார். அதில் ஒவ்வொரு குறிக்கும் 0 முதல் 15 வரை ஒரு வகை எண் உண்டு. எழுத்துக்கு 11, பிற குறிகளுக்கு 12. அவ்வெண்ணைப் பயனரே மாற்றலாம். வாசித்த கணத்தில் ஒட்டிய வகை மட்டும் பின்னர் மாறாது.

இச்சுதந்திரத்தையே க்னூத் காவலாக்கினார். நீண்ட கட்டளைப் பெயரில் எழுத்துகளே சேரும். ஆகவே 'பிளெயின்' தொகுப்பை வாசிக்கும்போது மட்டும் 'அட்' குறியை எழுத்தாக்கி, உள்கட்டளைப் பெயர்களில் பதித்து, முடிவில் 12-க்கே திருப்பினார். அறியாத கை இனி அவற்றைத் தீண்டாது. லாம்போர்ட்டின் லாடெக்கும் இவ்வழியே சென்றது.

சாவியை அவர்கள் ஒளிக்கவில்லை; எண்ணை 11 ஆக்கினால் பூட்டு திறக்கும். மறவாமல் மீண்டும் பூட்டுவது திறந்தவர் கடன்.