வங்கத்து மகளிர் சமிதிகள்

மாதர் கூடினால் என்ன பயன்? காபி அருந்துவர், கோலப் போட்டி வைப்பர், ஊர்க்கதை பேசிக் கலைவர் என்று நம் காலனியில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆண்டு விழா நெருங்கினால் மட்டும், இறைவணக்கம் பாடவும் சிற்றுண்டி செய்யவும் அவர்களை நாடுகிறோம். நாம் பிழைக்க வந்த இவ்வங்க மண்ணில் மாதர் சங்கங்கள் வளர்ந்த வரலாற்றை அறிந்தோர்க்கு அவ்வாறு சொல்ல நா எழாது.

அவ்வரலாற்றில் முதலிடம் பெறத்தக்கவர் சரோஜ் நளினி தத் அம்மையார். 1887-இல் பிறந்தவர். இவருடைய கணவர் குருசதய் தத், ஐ.சி.எஸ். அதிகாரி. கணவருக்கு மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் அம்மையாரும் மாவட்டம் மாவட்டமாகச் சென்றார். இரயில்வேக் குடும்பங்களாகிய நமக்கு அவ்வாழ்க்கை புதிதன்று.

1913-இல், இன்று வங்காளதேசத்தில் உள்ள பாப்னாவில், அவர் தம் முதல் மகளிர் சமிதியை நிறுவினார். அக்காலத்தில் நற்குடிப் பெண்டிர் திரைமறைவில் வாழ்ந்தனர். வீட்டு வாயிலைக் கடப்பதே அரிது. அப்பெண்டிர் ஒருவரையொருவர் கண்டு, பேசி, நட்புக் கொள்ள வேண்டும் என்பதே சமிதியின் முதல் நோக்கம். நாம் வீண்பேச்சு என்று இகழும் அதுவே தொடக்கமாயிற்று.

பேச்சிலிருந்து செயல் பிறந்தது. பிள்ளைப்பேற்றில் தாய் மடிவதையும் சேய் மடிவதையும் விதியென்று எண்ணி, ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே அழுதுகொண்டிருந்த காலம் அது. பலர் கூடிப் பேசும் இடத்தில்தான் ஒரு வீட்டுத் துயரம் ஊர்த் துயரம் என்பது விளங்கும். அதற்குப் பரிகாரம் தேடும் துணிவும் பிறக்கும். மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி, குழந்தை வளர்ப்பு, சுகாதாரம், தையல், கைத்தொழில் என்று சமிதிகளின் பணி விரிந்தது.

1916-இல் பீர்பூமிலும், பின்னர் பாங்குராவிலும் அம்மையார் சமிதிகள் அமைத்தார். இத்தகைய சங்கங்கள் நிலைக்க அவ்வூர்ப் பெண்டிரே பொறுப்பேற்க வேண்டும். மாற்றலாகிப் போகிறவர் கையிலேயே எல்லாப் பொறுப்பும் இருந்தால், அவர் ஏறும் வண்டியிலேயே சங்கமும் ஏறிவிடும் அன்றோ!

1925 ஜனவரியில், தம் 37-ஆம் வயதில் அம்மையார் காலமானார். அவ்வாண்டிலேயே அவர் பெயரால் கல்கத்தாவில் ஒரு நினைவுச் சங்கம் எழுந்தது. கிராமந்தோறும் சமிதிகளைப் பரப்புவதும், விதவைகளும் ஏழைப் பெண்டிரும் தம் காலில் நிற்கக் கைத்தொழில் கற்பிப்பதும் அதன் பணிகளாயின. ‘பங்கலட்சுமி’ என்னும் மாத இதழையும் அது நடத்தியது.

நம் தாயகத்திலும் இதற்கு ஒப்பான முயற்சி நிகழ்ந்தது. 1917-இல் சென்னை அடையாற்றில் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாசா முதலியோர் இந்திய மாதர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். ஊர்தோறும் அதன் கிளைகளில் பெண்டிர் கூடினர். கூடியவர் வாக்குரிமை கேட்டனர். 1921-இல் சென்னைச் சட்டசபையும், 1925-இல் வங்கச் சட்டசபையும் பெண்டிர்க்கு அவ்வுரிமை வழங்கத் தீர்மானித்தன. சொத்து முதலிய தகுதி உடையோர்க்கே அன்று அது கிட்டியது எனினும், அடைத்த கதவு திறந்தது.

இவ்வரலாறு நமக்கு ஒரு கடமையை உணர்த்துகிறது. திருமணமாகி இங்கு வந்து சேரும் இளம்பெண்ணுக்கு வங்காளியும் தெரியாது, இந்தியும் தெரியாது. கணவர் இரவுப் பணியில் இருக்கையில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதை அவளுக்குச் சொல்வது சங்கத்தின் விதிமுறைப் புத்தகம் அன்று. மாதர் கூட்டத்தில் பழகிய அடுத்த வரிசை மாமியே ஆவார். பிள்ளைகள் தமிழ் எழுத்தை மறவாமல் இருப்பதும் பெரும்பாலும் தாய்மாரின் முயற்சியாலேயே.

ஆகவே, விழா மேடையில் ‘தாய்க்குலமே’ என்று விளிப்பதோடு நாம் அமைந்துவிடலாகாது. நிர்வாகக் குழுவில் அவர்களுக்கு இடம் வேண்டும். அவர்கள் திரட்டும் நிதிக்கு அவர்களே கணக்கு எழுத வேண்டும். வாரத்தில் ஒரு பிற்பகலேனும் மன்றத்தின் சாவி அவர்கள் கையில் இருக்கட்டும். அங்கு என்ன பேசுவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள்.