போன் யார் பெயரில் இருக்கிறது? மணலியிலிருந்து ஒரு சின்ன வரலாறு

1980-களில் வடசென்னைப் பக்கம் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை ஏதாவது வீட்டுப் பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் "பி.பி." என்று இரண்டு எழுத்து இருக்கும். அந்த எண் பக்கத்து வீட்டுக்காரருடையது, அல்லது தெருமுனை மளிகைக் கடையுடையது என்று அர்த்தம். போன் வந்தால் கடைப் பையன் ஓடி வந்து கூப்பிடுவான். ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஒரே இணைப்பை ஒரு தெருவே பயன்படுத்திய காலம் அது. பில் மட்டும் ஒருவர் பெயரில் வரும்.

மணலி இந்த விஷயத்தில் கொஞ்சம் விசித்திரமான ஊர். 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1969-இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை ஓட ஆரம்பித்தது. (2000-இல்தான் அது சென்னை பெட்ரோலியம் என்று பெயர் மாறியது.) 1971-இல் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலைகளுக்கு டெலிபோன் போர்டு, எக்ஸ்டென்ஷன், ஆபரேட்டர் எல்லாம் உண்டு. ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும் தொழிலாளிக்கோ பி.பி. நம்பர்தான்!

ஏன் இப்படி? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1882 ஜனவரி 28-இல் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி கல்கத்தா, பம்பாய், மதராஸ் நகரங்களில் எக்ஸ்சேஞ்சுகளைத் திறந்தது. மதராஸில் அது இருந்தது ஜார்ஜ் டவுன் எர்ரபாலு செட்டித் தெருவில். மூன்றே வருடத்தில் இந்தியத் தந்திச் சட்டம், 1885 வந்தது. தந்தி, தொலைபேசி நடத்தும் தனியுரிமை முழுவதும் மத்திய அரசுக்கே என்று அது சொன்னது. தனியார் கம்பெனிகள் அரசு கொடுத்த உரிமத்தில்தான் தொழில் செய்தன. 1943-இல் அவற்றையும் அரசே எடுத்துக்கொண்டது. 1951-இல் வந்த தந்தி விதிகள், சந்தாதாரர் தன் இணைப்பை அனுமதி இல்லாமல் இன்னொருவருக்கு மாற்றவோ உள்வாடகைக்கு விடவோ கூடாது என்றன. அதாவது பணம் கட்டுபவருக்குப் போன் சொந்தமில்லை. கருவி இலாகாவுடையது, கம்பி இலாகாவுடையது, எண்ணும் இலாகாவுடையது. சந்தாதாரருக்குக் கிடைத்தது பேசிக்கொள்ள ஓர் அனுமதி.

1991-இல் நாடு முழுவதும் சுமார் 50 லட்சம் இணைப்புகள். மனுப் போட்டுக் காத்திருந்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். இவ்வளவு பெரிய வரிசையில் யாராவது தன் இணைப்பை நண்பருக்குக் கொடுத்துவிட்டால், பின்னால் நிற்பவரை முந்திப்போன மாதிரி ஆகிவிடும். அந்த வகையில் விதி நியாயம்தான். ஆனால் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? வீட்டை விற்றவர் பெயரிலேயே வாங்கியவர் பில் கட்டினார். அப்பா இறந்து பல வருடம் ஆன பிறகும் அவர் பெயருக்கே பில் வந்துகொண்டிருந்த வீடுகள் நிறைய. பெயர் மாற்றப் போனால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் கையெழுத்து எல்லாம் வேண்டும். எதற்கு வம்பு என்று விட்டுவிடுவார்கள். டைரக்டரியில் அப்பா இன்னும் உயிரோடு இருப்பார்.

1995-இல் சென்னைக்குச் செல்போன் வந்தது. ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்று இரண்டு நிறுவனங்கள். தமிழ்நாட்டுக்குத் தனி உரிமம், சென்னைக்குத் தனி உரிமம். வடக்கே மணலியைத் தாண்டி மீஞ்சூர் எக்ஸ்சேஞ்ச் வரை சென்னை வட்டம். அதற்கப்பால் தமிழ்நாடு வட்டம். 2005-இல்தான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். ஆரம்பத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை போனது கட்டணம். வரும் அழைப்புக்கும் காசு! 2003-இல் அந்தக் கொடுமை ஒழிந்த பிறகே சாதாரண மக்கள் கையில் செல்போன் வந்தது.

பழைய பழக்கமும் கூடவே வந்தது. சிம் கார்டு வாங்க ரேஷன் கார்டு நகலும் போட்டோவும் வேண்டும். ரேஷன் கார்டு குடும்பத் தலைவர் பெயரில் இருக்கும். எனவே அம்மாவின் செல் அப்பா பெயரில், தங்கையின் செல் அண்ணன் பெயரில். ஆலைகள் பக்கம் இன்னொரு வகை: கம்பெனி மொத்தமாக இணைப்புகளை எடுத்து ஊழியர்களுக்குக் கொடுக்கும் சி.யு.ஜி. எண்கள். தங்களுக்குள் பேசினால் இலவசம் என்பதால் எல்லோருக்கும் சந்தோஷம். பெயர் கம்பெனியுடையது, பேசுபவர் ஊழியர்.

சிக்கல் பிரியும்போதுதான் தெரியும். பதினைந்து வருடம் ஒரே எண்ணை வைத்திருந்தவர் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பேங்க், கேஸ் புக்கிங், மகள் கல்யாணத்துக்குக் கொடுத்த விலாசங்கள் எல்லாம் அந்த எண்ணில். அதைத் தன் பெயருக்கு மாற்றிக் கொண்டுபோக அவரால் தானாக முடியாது. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி வந்தது. அதிலும் கம்பெனி எண் என்றால் கம்பெனியின் அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். ஒரு கடிதத்தில் 50 எண்கள் வரை என்று 2013-இல் வைத்தார்கள், பிறகு 100 ஆக்கினார்கள். பெயர் மாற்றும் மனு நிலுவையில் இருந்தால் அந்த எண்ணைப் போர்ட் செய்ய முடியாது என்றும் விதி. முதலில் பெயர், பிறகுதான் பயணம்.

2012 ஆகஸ்டில் தொலைத்தொடர்புத் துறை சந்தாதாரர் சரிபார்ப்புக்கு விரிவான விதிமுறைகள் வெளியிட்டது. தனிநபர் இணைப்பை ரத்த உறவினருக்கோ சட்டப்படியான வாரிசுக்கோ மாற்றலாம்; இப்போது வைத்திருப்பவர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித்தர வேண்டும், வாங்குபவர் புதுச் சந்தாதாரர் போல அடையாளச் சான்று கொடுத்து விண்ணப்பம் நிரப்ப வேண்டும். 1951-இன் நிழல் இதில் தெரிகிறதா? அன்று காரணம் பற்றாக்குறை. இன்று காரணம் பாதுகாப்பு. கதவு மட்டும் அதே குடும்பக் கதவு.

இதையெல்லாம் யாரும் பெரிதாக நினைக்கவில்லை, 2018 பிப்ரவரி வரை. 1999-இல் தமிழ்நாட்டில் பிறந்து, 2003-இல் ஆர்.பி.ஜி.யை வாங்கிச் சென்னைக்கும் வந்த ஏர்செல் அந்த மாதம் படுத்துவிட்டது. டவர் நிறுவனங்களோடு பணத் தகராறு. திடீரென்று மாநிலம் முழுவதும் சிக்னல் இல்லை. வேறு நிறுவனத்துக்குப் போக 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி ஒரு கோடு வாங்க வேண்டும். சிக்னலே இல்லாத போனிலிருந்து எஸ்.எம்.எஸ். எப்படி அனுப்புவது? ஷோரூம் வாசல்களில் கூட்டம் அலைமோதியது. பிப்ரவரி 28-இல் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு மனுச் செய்தது. போர்ட் செய்ய ஏப்ரல் 15 வரை அவகாசம் கொடுத்தது டிராய்.

போர்ட் செய்பவர், பழைய நிறுவனத்தின் பதிவில் இருக்கும் அதே ஆளாக இருக்க வேண்டும் என்பது விதி. அண்ணன் வெளிநாட்டில் இருந்தால்? சிம் எடுத்துக்கொடுத்த மாமா போய்ச் சேர்ந்திருந்தால்? கையில் போன் இருக்கிறது, பத்து வருடமாக ரீசார்ஜ் செய்தது இவர், ஆனாலும் எண் இவருடையதில்லை. பி.பி. காலத்தில் இந்த இடைவெளியைத் தாண்ட ஒரு மளிகைக் கடைப் பையன் போதும். ஓ.டி.பி. காலத்தில் பேங்கில் இருக்கும் பணமே அந்த எண்ணில் மாட்டிக்கொள்கிறது.

இறந்தவர் எண்ணின் கதை இன்னும் சங்கடம். பிரீபெய்டு எண்ணை 90 நாள் தொடாமல் விட்டால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள் யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அதன் பிறகு அது யாரோ ஒருவருக்குப் புது எண். அப்பாவின் எண்ணை அழுத்தினால் எங்கிருந்தோ ஒரு குரல் "யாருங்க?" என்று கேட்கும். பெயர் மாற்றம் செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே அந்த எண் வீட்டில் மிஞ்சும்.

தந்திச் சட்டத்தின் இடத்தில் தொலைத்தொடர்புச் சட்டம், 2023 வந்துவிட்டது. ஒருவர் பெயரில் ஒன்பது சிம் வரைதான் (சில மாநிலங்களில் ஆறு). மீறினால் முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம். சஞ்சார் சாத்தி தளத்தில் தன் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே மூன்று பதில்கள்: என் எண் இல்லை, தேவையில்லை, தேவை. அம்மாவுக்கு வாங்கிக்கொடுத்த சிம்மும், ஊருக்குப் போன நண்பனுக்கு எடுத்துக்கொடுத்த சிம்மும் அந்தப் பட்டியலில் வரிசையாக நிற்கும். "இது அம்மாவுடையது" என்று சொல்ல அங்கே ஒரு பொத்தான் இல்லை.