ஒரு பவுண்டு தானியம்

கல்லூரியில் நான் எழுதிய முதல் கருத்தரங்கக் கட்டுரையின் தலைப்பு, 'தாது வருஷப் பஞ்சம்: காரணம் மழையா, வெள்ளைக்காரனா?' பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவன் வேறென்ன கேட்பான்? பதினைந்து பக்கம் எழுதி, வெள்ளைக்காரன்தான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். பேராசிரியர் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்தார்: "எந்த வெள்ளைக்காரன்? எப்போ? என்ன பண்ணினான்?"

கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மூணு கேள்வியோடு மறுபடி படித்தபோதுதான் ரிச்சர்ட் டெம்பிள் கண்ணில் பட்டார்.

1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது நிவாரணப் பொறுப்பு அவருடையது. பர்மாவிலிருந்து அரிசியை இறக்கினார். சாவு மிகக் குறைவு. கிடைத்ததோ, காசை வாரி இறைத்துவிட்டார் என்ற திட்டு. 1877இல் அதே மனிதரை, சிக்கனம் பார்க்கச் சொல்லி மெட்ராஸ் மாகாணத்துக்கு அனுப்பினார்கள். பீகாரில் அவர் முன் இருந்த கேள்வி, யாரும் சாகாமலிருக்க என்ன வேண்டும் என்பது. இங்கே அது, எவ்வளவு குறைத்தாலும் உயிர் நிற்கும் என்று மாறிப்போனது. வந்த பதில்: நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், சுமார் 450 கிராம்; கூடவே ஓர் அணா. பெண்களுக்கும் வேலை செய்யும் சிறுவர்களுக்கும் இன்னும் குறைவு.

இதை எதிர்த்தவரும் வெள்ளைக்காரர்தான். (என் தலைப்பு அங்கேயே செத்துப்போச்சு.) மெட்ராஸ் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், மருத்துவர். ஒரு பவுண்டு போதுமா போதாதா என்ற சண்டையோடு அவர் நிற்கவில்லை. யாருக்குப் போதும் என்று கேட்டார். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்புக்கா, நாள் முழுக்க மண் சுமக்கும் உடம்புக்கா? வெறும் தானியத்தைத் தின்றால் மற்ற சத்து எங்கிருந்து வரும்? ஒன்றரை பவுண்டாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று விடாமல் வாதாடினார். பிறகு அளவு ஒன்றேகால் பவுண்டாக உயர்ந்தது, கொஞ்சம் பருப்போடு. கேட்டதில் பாதி.

போன மாசம் சமையலறைத் தராசில் 450 கிராம் அரிசியை நிறுத்துப் பார்த்தேன். கிண்ணம் நிறைய இருந்தது. எனக்கும் அம்மாவுக்கும் ஒரு நாளைக்கு அதுவே மிச்சமாகும். கார்னிஷைப் படிக்காமல் இருந்திருந்தால், "இது தாராளமா போதுமே" என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.