உடுவிலில் ஒரு முதிய இணையர்: ஸ்போல்டிங் தம்பதியரும் தமிழ்ச் சொற்களும்

பிடோக்கில் ஒரு தமிழ் வகுப்பு. பாடத்தில் பொருள் விளங்காத சொல் ஒன்று எதிர்ப்படுகிறது. "அகராதியைப் பார்" என்கிறார் ஆசிரியர். அகர வரிசையில் சொல் நிற்கும், அதனருகே பொருள் நிற்கும் என்பது இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆனால், நிகண்டுச் செய்யுள்களை மனனம் செய்தே சொற்பொருளைக் கற்ற நெடுங்காலம் தமிழுக்கு உண்டு. 1732இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி அந்நிலையை மாற்றத் தொடங்கியது. அதன் பின்னர் ஒரு நூற்றாண்டு கழித்து வந்த பெரும் அகராதியொன்றன் பின்னணியில் ஒரு கணவன் மனைவியின் வாழ்வு அமைந்துள்ளது. அயல்நாட்டிலிருந்து இளமையில் ஒரு வெப்பமண்டலத் தீவுக்கு வந்து, முதுமையில் அதன் மண்ணிலேயே மறைந்த அவ்விருவர் லெவி ஸ்போல்டிங்கும் அவர் துணைவியார் மேரியும் ஆவர்.

1819ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'இண்டஸ்' என்னும் பாய்க்கப்பல் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. அமெரிக்க மிஷன் சங்கத்தைச் சேர்ந்த நான்கு இளந்தம்பதியர் அதில் இருந்தனர். ஸ்போல்டிங் இணையருடன், பின்னாளில் பேரகராதி தந்த வின்சுலோவும் அவர் மனைவி ஹாரியட்டும் வந்தனர். வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரின் பாட்டனாராகிய ஜான் ஸ்கடரும் அக்கப்பலிலேயே வந்தார். கல்கத்தா வழியாக அவர்கள் யாழ்ப்பாணம் சேர்ந்தபோது, 1816 முதல் அங்குப் பணியாற்றிவந்த டானியல் பூவர் முதலியோர் அவர்களை வரவேற்றனர்.

வந்த சில மாதங்களிலேயே ஒரு தடை எழுந்தது. இலங்கையின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பார்ன்ஸ், இனிப் புதிய அமெரிக்க ஊழியர் எவரும் தீவுக்குள் வரலாகாது எனக் கட்டளையிட்டார். 1820இல் வந்த அச்சுத்தொழிலாளர் ஜேம்ஸ் கேரட் திருப்பி அனுப்பப்பட்டார். அவருக்கென வந்த அச்சுப்பொறி நல்லூரில் இருந்த ஆங்கிலேயத் திருச்சபைச் சங்கத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் இத்தடை நீடித்தது.

இத்தடையால் விளைந்த பயன் ஒன்றுண்டு. துணைக்கு வருவோர் இல்லாமையால், இருந்தவர்கள் இடம்பெயராது நிலைத்து நிற்கவும், உள்ளூர் மக்களையே ஆசிரியராகப் பயிற்றவும் வேண்டியதாயிற்று. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் ஹாரியட் வின்சுலோவின் முயற்சியால் உடுவில் மகளிர் உறைவிடப் பள்ளியும் தோன்றின. ஸ்போல்டிங் தம்பதியர் மானிப்பாயிலும் தெல்லிப்பழையிலும் பணியாற்றினர். 1833இல் ஹாரியட் மறைந்தபின் உடுவிலைப் பொறுப்பேற்றனர். அதன் பின்னர் உடுவிலே அவர்களின் இல்லமாயிற்று.

பெண்களைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அருகியிருந்த காலம் அது. உணவும் உடையும் அளித்தே மாணவியரைச் சேர்க்க வேண்டியிருந்தது. படிப்பை முடித்துக் கிறித்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனமும் வழங்கியது. வந்தவர்கள் ஊரின் வழக்கத்தை எதிர்த்து மட்டும் நிற்கவில்லை, அதனுள் புகுந்தும் செயற்பட்டனர் என்பதற்கு இதுவே சான்று. 1840இல் எலைசா அக்னியூ அம்மையார் வந்து சேர்ந்தார். அவர் நாற்பதாண்டளவு கற்பித்து, தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறையினரைத் தம் மாணவியராகக் கண்டார்.

இனி அகராதிக்கு வருவோம். நல்லூரில் பணியாற்றிய ஜோசப் நைட் என்பவர் தமிழறிஞர் துணையுடன் பல்லாண்டு சொற்களைத் திரட்டி, பணி முற்றுப்பெறுமுன் 1840இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற தொகுப்பினின்று மூன்று கிளைகள் விரிந்தன. தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே பொருள் கூறும் பகுதியை ஸ்போல்டிங் ஏற்றார். சந்திரசேகர பண்டிதரின் உழைப்புடன் அது 1842இல் யாழ்ப்பாண அகராதியாக வெளிவந்தது. மானிப்பாய் அகராதி என்றும் வழங்கும் அந்நூலில் ஏறத்தாழ 58,500 சொற்கள் இடம்பெற்றன. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ப்பொருள் தரும் அகராதி நைட், ஸ்போல்டிங் ஆகிய இருவர் பெயரையும் தாங்கியது. மூன்றாம் கிளையே 1862இல் சென்னையில் வெளியான வின்சுலோவின் தமிழ்–ஆங்கிலப் பேரகராதி.

இங்கு நாம் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். நூலின் முகப்பில் யார் பெயர் நின்றாலும், சொல்லின் நுட்பம் பண்டிதர்களுடையது. தொகுத்தவர்களின் வாழ்வைத் தாங்கியோர் அவர்தம் இல்லத்தார். மேரியின் பெயர் எந்த அகராதியின் முகப்பிலும் இல்லை. ஆயினும் உடுவிலில் உறைவிடப் பள்ளியும் இல்லமும் ஒன்றாய் நடந்த நாற்பது ஆண்டுகள் அவருடைய உழைப்பும் ஆகும்.

இதே அமெரிக்கச் சங்கம் 1834இல் சிங்கப்பூரிலும் ஒரு நிலையத்தை அமைத்து, அச்சுக்கூடம் நடத்தியது. அதே ஆண்டில் ஸ்போல்டிங் மதுரைக்குச் சென்று அங்கும் மிஷன் தொடங்க வழிவகுத்தார். ஆனால் சிங்கப்பூர் நிலையம் பத்தாண்டுகூட நிலைக்கவில்லை. சீனாவின் கதவு திறக்கும் நாளை எதிர்நோக்கியே அங்குப் பலர் தங்கியிருந்தனர். 1842க்குப் பின் அக்கதவு திறந்ததும் நிலையம் மூடப்பட்டது. அங்குப் பணியாற்றிய ஆல்ஃபிரட் நார்த் 1843இல் மதுரைக்கு மாற்றப்பட்டார். முன்ஷி அப்துல்லாவைத் தம் வரலாற்றை எழுதுமாறு தூண்டியவர் இந்த நார்த்தே. அந்தத் தூண்டுதல் மலாய் இலக்கியத்திற்கு ஹிக்காயத் அப்துல்லாவைத் தந்தது. எனினும், வேறோரிடம் செல்லக் காத்திருப்போர் ஓரிடத்தில் வேர்கொள்வது அரிது என்பதையும் இவ்வரலாறு உணர்த்துகிறது.

அமெரிக்கர் தமிழ் பயின்றது சமயம் பரப்புவதற்கே. இதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது. பள்ளியில் பயின்றோரிற் பலர் சைவராகவே நின்றனர். மிஷன்களின் பள்ளி முறையையும் அச்சுக்கலையையும் அறிந்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, அக்கருவிகளையே சைவத்துக்கும் தமிழுக்கும் பயன்படுத்தினார். வட்டுக்கோட்டையிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். விதைத்தவர் எண்ணியது ஒன்று. விளைந்தது அதனினும் பரந்தது.

அவ்விளைவின் ஒரு பகுதி சிங்கப்பூருக்கும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல், யாழ்ப்பாணப் பள்ளிகளில் ஆங்கிலமும் தமிழும் கற்றோர் மலாயாவின் இரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் எழுத்தராகவும் ஆசிரியராகவும் வந்தனர். நம் முதல் வெளியுறவு அமைச்சர் சி. இராஜரத்தினம் 1915இல் பிறந்த ஊர் வட்டுக்கோட்டையே.

1840களில் ஒருமுறை தாயகம் சென்ற ஸ்போல்டிங் தம்பதியர் மீண்டும் உடுவிலுக்கே திரும்பினர். லெவி 1873இல் தம் 81ஆம் வயதில் அங்கே காலமானார். மறு ஆண்டு மேரியும் மறைந்தார். அரைநூற்றாண்டுக்கும் மேலாகத் தாம் பிறவாத மொழிக்குள் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

அவர்கள் முதுமை வரை கற்ற அம்மொழி நமக்குப் பிறப்பிலேயே வாய்த்தது. ஆயினும் நம் இல்லங்களில் அது எத்தனை நாழிகை ஒலிக்கிறது? ஒரு மொழியை அகராதியில் சேர்க்க ஒரு பண்டிதரும் ஒரு பாதிரியாரும் போதும். அதனை நாவில் நிறுத்தப் பாட்டனும் பாட்டியும் வேண்டும். மாணவர்கள் இன்று மாலை வீட்டிலுள்ள முதியவரை அணுகி, அகராதியில் தாம் காணாத ஒரு சொல்லைக் கேட்டு எழுதிவருவார்களாயின், ஸ்போல்டிங்கும் சந்திரசேகர பண்டிதரும் செய்த பணியை அவர்களும் தொடங்கியவராவர்.