பால்வாடிச் சோறு

கண்டாச்சிபுரம் என்ற ஊர் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த காலம் அது. அங்கே கழனி வேலைக்குப் போகும் தாய்க்கு, கைக்குழந்தையைவிட நடக்கப் பழகிய பிள்ளைதான் பெரிய கவலை. அதை யார் பார்த்துக்கொள்வது, மத்தியானம் யார் சோறு போடுவது?

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் அந்தக் கவலையைத் தொட்டது. 1920-லேயே சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு உண்டு. காமராஜர் அதை 1956-இல் ஊர் ஊராகக் கொண்டுபோனார். ஆனால் அவையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. 1982-இல்தான் பள்ளி வயதை எட்டாத இரண்டு வயதுப் பிள்ளைக்கும் மாநிலமெங்கும் தட்டு கிடைத்தது. முதலில் கிராமங்களில், செப்டம்பரில் நகரங்களில்.

சோறு, பருப்பு, காய்கறி, கொஞ்சம் எண்ணெய். சமையல் வேலைக்கு ஆள் எடுத்ததில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. பிள்ளைக்குச் சோறு போட்ட அடுப்பு, சமைத்தவர் வீட்டிலும் உலை வைத்தது. திட்டத்தின் பெரிய சாதனைகளில் இதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

முட்டை 1989-இல் வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக. கருணாநிதி ஆட்சியில் தட்டில் ஏறிய அந்த முட்டையின் எண்ணிக்கை பின்னால் கூடியது. 2013-இல் ஜெயலலிதா ஆட்சி கலவைச் சாதங்களைக் கொண்டுவந்தது.